அரைச் சுற்று

அந்த இரும்புத் தாங்கியைத்தானே பார்க்கிறீர்கள்? நன்றாகப் பாருங்கள். டிரைவர் தலைக்குப் பின்னால் கூரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதில்தான் டிவி இருந்தது. டிவியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், தாங்கியைக் கழற்ற ஆளில்லை. கொண்டுவந்தபோது மட்டும் என்ன ஆர்ப்பாட்டம், என்ன கைதட்டல்.

நீங்கள் ஊரிலிருந்து சிங்கப்பூர் வந்து எவ்வளவு நாளாகிறது? இரண்டு மாதமா? அப்படியானால் பார்த்திருக்க வாய்ப்பில்லை. சொல்கிறேன். காதிலிருப்பதை எடுத்துவிடுங்கள் தம்பி, பாட்டு எங்கேயும் ஓடிப்போகாது.

நான் இதே வழியில் பஸ் ஓட்டியவன். ஈசூனிலிருந்து நகரத்துக்கு, இருபது வருஷத்துக்கு மேல். பெயர் ரெத்தினசாமி. டிப்போவில் கேட்டால் ரெட்னம் என்றால்தான் தெரியும்.

இரண்டாயிரத்து ஒன்றில் அதைக் கொண்டுவந்தார்கள். அப்போது எங்கள் வீடுகளிலெல்லாம் பழைய டிவிதான், பழைய ஆன்டெனாதான். பஸ்ஸுக்குத்தான் முதலில் புதுசு. டிஜிட்டல். கேபிள் கிடையாது, காற்றிலேயே வரும். கூரைமேல் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு ஆன்டெனா. அதிலிருந்து ஒரு கறுப்புக் கம்பி இறங்கி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பூட்டிய பெட்டிக்குள் போகும். டிவி நிறுவனத்திலிருந்து ஒருவன் வந்து எங்களையெல்லாம் உட்காரவைத்து வகுப்பெடுத்தான். இந்த வெயிலில் கோட் போட்டிருந்தான்.

"பழைய டிவி மாதிரி இதுல புள்ளி விழாது, நிழல் விழாது. வண்டி ஓடினாலும் படம் ஆடாது" என்றான்.

நான் கையைத் தூக்கினேன். "சத்தத்தைக் குறைக்கிற பட்டன் எங்க இருக்கு?"

"டிரைவருக்குப் பட்டன் கிடையாது. நீங்க இதுல எதையும் தொடக் கூடாது."

பார்த்தீர்களா? என் கையில் ஸ்டியரிங் இருக்கிறது, பிரேக் இருக்கிறது, ஒரு வண்டி மனிதர்களின் உயிர் இருக்கிறது. சத்தத்தைக் குறைக்க ஒரு பட்டன் கிடையாது. பக்கத்தில் யூசோஃப் உட்கார்ந்திருந்தான். அவனும் டிரைவர்தான், மலாய்க்காரன், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவான். என் விலாவில் இடித்து, "பட்டன் வச்சா முதல்ல உனக்குத்தான் வைக்கணும், ரெட்னம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொன்னான்.

கமலவேணியைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு மனைவி இருக்கிறாள். இன்றைக்கும் இருக்கிறாள், வீட்டில். கமலவேணி ஒரு பயணி, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி சமையல்கட்டில் வேலை. விடிவதற்கு முன்னால் வருகிற முதல் வண்டி என்னுடையது, அதில் ஏறுவாள். முழங்கால் வலி என்பதால் உள்ளே நடக்கமாட்டாள். கதவுக்குப் பின்னால் இருக்கிற முதல் சீட்டு. அங்கே உட்கார்ந்தால் டிரைவரின் முகம் பாதி தெரியும். நாங்கள் பேசிக்கொண்டே போவோம்.

என்ன பேசினோம்? எல்லாம் பேசினோம். எனக்குச் சிறுநீரகத்தில் கல் வந்ததே, முதல் வலியிலிருந்து ஆபரேஷன் முடிகிறவரை அவளிடம்தான் சொன்னேன். என் அண்ணன் மகன் கல்யாணத்தில் என்னைக் கொண்டுபோய் மூன்றாவது வரிசையில் உட்காரவைத்தார்களே, அதைச் சொன்னேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, அதற்கு நான் எங்கெங்கே அலைந்தேன் என்று சொன்னேன். அவள் "ம்" என்பாள். "அப்படியாண்ணே" என்பாள். சிலபேர் "ம்" சொன்னால் போதும் நிறுத்து என்று பொருள். அவளுடைய "ம்" அப்படியில்லை, அதில் ஒரு மரியாதை இருக்கும். சில நாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அவ்வளவு கவனம்.

என் மனைவியிடம் இதையெல்லாம் சொல்லமுடியுமா? நான் வாயைத் திறந்தால் உடனே அவளுக்கு அடுப்பில் ஏதாவது பொங்கும்.

டிவி வந்த முதல் நாள். கமலவேணி ஏறினாள், கார்டைப் போட்டாள், உட்கார்ந்தாள். "அந்த லிஃப்டுக்காரன் நேத்து வந்தாம்மா" என்று ஆரம்பித்தேன். "ம்" வரவில்லை. அடுத்த ஸ்டாப்பில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். அண்ணாந்து டிவியைப் பார்க்கிறாள். அதில் யாரோ ஒரு சமையல்காரன் வாணலியில் இறால் வறுக்கிறான். தினமும் வாணலியோடு மல்லுக்கட்டுகிறவள், வேலைக்குப் போகிற வழியிலும் வாணலியைப் பார்க்கிறாள்!

"ஏம்மா, சீனத்துல பேசறான். உனக்கு என்ன புரியுது?"

"புரியணும்னு இல்லண்ணே. சும்மா பாக்கறேன்."

சும்மா. கோடிக்கணக்கில் கொட்டி, கூரையில் ஓட்டை போட்டு, ஒரு மனுஷி சும்மா பார்ப்பதற்கு. நான் உண்மையான செய்தி சொல்கிறேன், தமிழில் சொல்கிறேன், அதை விட்டுவிட்டுச் சும்மா பார்க்கிறாள். கோபம் வருமா வராதா?

சத்தம் வேறு. ஒருத்தி பாடுவாள், ஒருவன் கார் விற்பான். என் தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் டிஷ்யூ பாக்கெட்டைத் திணித்து அடைத்தேன். பயனில்லை. வண்டி முழுக்க ஸ்பீக்கர்.

கம்பியைச் சொன்னேனில்லையா? அந்தக் கறுப்புக் கம்பி என் தோளுக்குப் பின்னால் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் மோதிரம் மாதிரி ஒரு திருகு. கையாலேயே திருகலாம். பெட்டிக்குப் பூட்டுப் போட்டவர்கள் அதை வெளியே விட்டுவிட்டார்கள். ஒருநாள் என் கை பட்டது. தானாகப் பட்டதுதான். அரைச் சுற்றுத் தளர்ந்தது.

நான் நினைத்தது இவ்வளவுதான். பழைய டிவியில் கம்பி தளர்ந்தால் என்ன ஆகும்? கொஞ்சம் புள்ளி விழும், சத்தம் கரகரக்கும், ஆனாலும் ஆள் தெரிவான். எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக அப்படித்தான் பார்த்தோம், ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை. அதுபோல் கொஞ்சம் கெட்டால் அவளுக்கு அலுத்துப்போகும், என் பக்கம் திரும்புவாள். ஆனால் இந்தப் புதுசுக்கு நடுவாந்தரம் என்பதே கிடையாது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. "என்னண்ணே இது, ஆளு கட்டங்கட்டமா உடைஞ்சுபோறாரு" என்றாள் கமலவேணி. அப்புறம் சத்தமும் நின்றது. வண்டி முழுக்க அமைதி. எத்தனை நாளாயிற்று அந்த அமைதியைக் கேட்டு! "அந்த லிஃப்டுக்காரன் என்ன சொன்னான் தெரியுமா" என்று விட்ட இடத்திலிருந்து எடுத்தேன்.

பிறகு அது பழகிவிட்டது. அவள் ஸ்டாப்புக்கு முன்னால் தளர்த்துவேன். ஆஸ்பத்திரியில் அவள் இறங்கியதும் இறுக்குவேன். தினமும் இல்லை. ஏதாவது சொல்லவேண்டியது இருக்கிற நாளில் மட்டும். அப்படிச் சொல்லவேண்டியது இல்லாத நாள் குறைவு என்பது வேறு விஷயம். இதில் பாதுகாப்பும் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். இருட்டில் வண்டி எடுக்கிற டிரைவருக்குக் கண் சொக்காமல் இருக்க வேண்டாமா? பேசினால்தான் விழிப்பு. டிவி நிறுவனத்திலிருந்து டிப்போவுக்கு ஒரு பையன் வந்து சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். "உங்க வண்டியில மட்டும் சிக்னல் போகுதாமே, எந்த இடத்துல?" என்பான். "கட்டடம் ஜாஸ்தி" என்பேன். பாவம், ஒருநாள் மழையில் மேலே ஏறி ஆன்டெனாவையே மாற்றினான்.

இரண்டு வருஷம் கழித்து சார்ஸ் வந்தது. அந்த மூச்சுக் காய்ச்சல், நினைவிருக்கிறதா? ஊரே முகமூடி. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் ஏறினால் பக்கத்திலிருப்பவர்கள் எழுந்து பின்னால் போய்விடுவார்கள். கமலவேணியைச் சுற்றி எல்லாச் சீட்டும் காலி. நான் ஒருவன்தான் அவளோடு பேசினேன். முகமூடி போட்டுக்கொண்டும் பேசினேன். மூச்சு முட்டும், விடமாட்டேன். பின்னால் என்மேல் விசாரணை வைத்தார்களே, அதில் யாராவது இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்களா? சொல்லவில்லை.

அந்த நாட்களில் அவள் "ம்" கூடச் சொல்லவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஒருநாள் காலை நான் கிளம்பக் கொஞ்சம் தாமதம், யூசோஃப்பின் வண்டி எனக்கு முன்னால் போனது. அவனுக்கு அன்று இதே வழிதான், ஆனால் அவன் வண்டி பழசு, டிவி இல்லாதது. கமலவேணியின் ஸ்டாப்பில் நிறுத்திக் கதவைத் திறந்தான். நான் பின்னாலிருந்து பார்க்கிறேன். அவள் ஏறவில்லை, வேண்டாம் என்று கையை ஆட்டுகிறாள். அவன் போய்விட்டான். தம்பி, இத்தனை வருஷ சர்வீஸில் எனக்காக ஒரு பயணி இன்னொரு வண்டியை விட்டது அன்றைக்குத்தான். அவசரமாகக் கையைப் பின்னால் விட்டு அரைச் சுற்றுத் தளர்த்தினேன்.

ஏறும்போதே, "அண்ணே, டிவி ஓடுதில்ல?" என்றாள்.

"ஓடுது ஓடுது. நீ உக்காரும்மா. நேத்து எதிர்வீட்டுக்காரன் என்ன பண்ணினான் தெரியுமா? பூந்தொட்டியக் கொண்டாந்து என் வாசல்ல..."

"செத்த இருங்கண்ணே."

அவள் என்னை அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. சரி, களைப்பு. செய்தி ஓடிக்கொண்டிருந்தது, எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேர் போய்ச்சேர்ந்தார்கள் என்று. வழியில் ரோட்டைத் தோண்டிப்போட்டிருந்தார்கள். சக்கரம் இறங்கி ஏறியது. சத்தம் விக்கியது, நின்றது.

அவள் எழுந்துவிட்டாள். ஓடுகிற வண்டியில் எழுந்து நிற்கிறாள். "அண்ணே, டிவி போச்சுண்ணே!"

"அது அப்படித்தாம்மா. கட்டடம்."

"என் மகளக் காட்டுவாங்கண்ணே. இப்பதான், இந்தச் செய்திலதான். நேத்து போன் பண்ணிச் சொன்னா."

"உனக்கு மக இருக்காளா?" என்றேன்.

பாருங்கள். எத்தனை வருஷம் பேசியிருக்கிறோம்! மகள் இருப்பதை ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. என் கல்லைப் பற்றி டாக்டருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு அவளுக்கும் தெரியும். அழுத்தக்காரி.

மகள் நர்ஸாம். சார்ஸ் வார்டில் போட்டுவிட்டார்களாம். அம்மாவுக்கு ஒட்டிவிடும் என்று வாரக்கணக்கில் வீட்டுக்கு வரவில்லையாம். அதையெல்லாம் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொல்கிறாள். "போன்ல கொரலு சரியில்லண்ணே. இருமுறா. நல்லாத்தான் இருக்கேம்மான்னு சொல்றா. மொகத்தப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும்ண்ணே. ஒருவாட்டி பாத்தாப் போதும். எதாவது பண்ணுங்க."

நான் என்ன செய்யமுடியும்? கையைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோனால் போதும், உண்மைதான். ஆனால் வண்டி முழுக்க ஆட்கள். முகமூடிக்கு மேலே எல்லாக் கண்களும் என்னைத்தான் பார்க்கின்றன. டிரைவர் தொட்டதும் டிவி வந்தால் என்ன நினைப்பார்கள்? டிரைவர் எதையும் தொடக் கூடாது என்று சொன்னது யார்? நானா? அந்தக் கோட்டுக்காரன்தானே!

"நான் அதத் தொடக் கூடாதும்மா. ரூல்ஸ்" என்றேன்.

அவள் எட்டி டிவியின் பக்கவாட்டில் தட்டினாள். வீட்டில் பழைய டிவியைத் தட்டுவோமே, அப்படி. தட்டினால் வருகிற ஜாதியா அது?

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. கண்ணாடியில் பார்த்தேன், அவள் டிவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையைப் பின்னால் விட்டேன். இறுக்கினேன். பழைய டிவியாக இருந்திருந்தால் அந்த நொடியே படம் வந்திருக்கும். இது வராது. இது யோசிக்கும். சிக்னலைத் தேடும், ஏதோ எழுதிக் காட்டும், தன் பெயரைக் காட்டும். பச்சை விழுந்துவிட்டது, பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள், இது இன்னும் யோசிக்கிறது. கடைசியில் சத்தம் வந்தது. ஷாம்பு விளம்பரப் பாட்டு.

திரும்பினேன். அவள் டிவியைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை இன்னும் அந்தத் திருகில்தான் இருந்தது.

"நீங்கதானா?" என்றாள்.

நான் கியரைப் போட்டேன்.

"தெனமும் நீங்கதானா?"

மணியை அழுத்தினாள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் வெகுதூரம், முழங்கால் வலி வேறு. "அம்மா, உன் ஸ்டாப் இது இல்ல" என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நீங்களே சொல்லுங்கள், யார்மேல் குற்றம்? கம்பி அரைச் சுற்றுத் தளர்ந்ததற்கு ஒரு டிவி செத்துப்போகலாமா? பழசாக இருந்தால் புள்ளிக்கு நடுவில் மகள் முகம் தெரிந்திருக்கும். மங்கலாகத் தெரிந்திருக்கும். பெற்றவளுக்கு மங்கலாகத் தெரிந்தால் போதாதா? புள்ளி விழாது, நிழல் விழாது என்று பெருமை பேசினானே, புள்ளியும் நிழலும் இருந்திருந்தால் நான் இன்றைக்கு இப்படிப் பயணியாக உட்கார்ந்திருப்பேனா? இதைத்தான் விசாரணையில் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

விசாரணை டிப்போவில் நடந்தது. மேனேஜர் குவெக், அந்தக் கோட்டுக்காரன், கமலவேணி. அவள் மலாயில் பேசினாள். தடையில்லாமல், நிறுத்தாமல் பேசினாள். அவளுக்கு இவ்வளவு பேசத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

என்ன சொன்னாள் தெரியுமா? டிவி வந்த பிறகுதான் நிம்மதியாக வேலைக்குப் போனாளாம். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் டிரைவர் பேசுவதற்குப் பதில் சொல்லவேண்டியதில்லையாம். கால் வலியால் முதல் சீட்டை விடவும் முடியவில்லையாம். அதற்கு முன்னால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வாளாம், அப்போதும் இந்த ஆள் நிறுத்தமாட்டாராம்.

இதெல்லாம் அவள் பேச்சே இல்லை. சொல்லிக்கொடுத்த பேச்சு. கோட்டுக்காரன் சொல்லிக்கொடுத்திருக்கிறான், டிவிக்குக் கெட்ட பேர் வரக் கூடாதென்று. எத்தனை வருஷம் என் பேச்சைக் கேட்டவள்! எனக்குத் தெரியாதா அவளை?

குவெக் என்னிடம், "இந்த அம்மாவிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?" என்றார். சொன்னேன். பட்டன் இல்லாததிலிருந்து ஆரம்பித்தேன். சத்தத்தைச் சொன்னேன், ஸ்பீக்கரைச் சொன்னேன், ரோட்டைத் தோண்டிப்போட்டதைச் சொன்னேன், டிவி யோசித்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். குவெக் ஜன்னலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அவள் நடுவில் எழுந்து போய்விட்டாள். பாதியில் எழுந்து போவது மரியாதையா? நான் இன்னும் முக்கியமான இடத்துக்கே வரவில்லை.

ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டார்கள். வண்டி கழுவுகிற இடத்தில் போட்டார்கள். மிஷினுக்குள் வண்டி நுழையும், வெளியே வரும், அந்த இரைச்சலில் யாரிடம் என்ன பேசுவது? ஓய்வு வயது வருகிறவரை அங்கேதான். இப்போது டிவியும் போயிற்று. நஷ்டமாம். முதல் நாளே கையைத் தூக்கியவன் நான்.

அதற்குள் மணியை அழுத்திவிட்டீர்களா? நொவீனாவில் இறங்கவேண்டும் என்றீர்களே, அது இன்னும் வரவில்லையே. நடந்து போய்க்கொள்வீர்களா? சரி, உங்கள் இஷ்டம்.

என்ன கேட்டீர்கள்? மகளா? அவளுக்கு என்ன ஆயிற்றென்று எனக்கு எப்படித் தெரியும் தம்பி? யார் என்னிடம் சொன்னார்கள்?

போன தீபாவளிக்கு முன்னால் தேக்கா மார்க்கெட்டில் கமலவேணியைப் பார்த்தேன். மெலிந்திருந்தாள். மீன்கடையில் நின்றாள். பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. அதுதான் மகளோ, இல்லை வேறு யாராவது உறவுப் பெண்ணோ. அருகே போய் இரண்டு வார்த்தை பேசலாமென்று பார்த்தேன். மகளா, இல்லையா என்று தெரியாமல் என்னவென்று பேச்சை ஆரம்பிப்பது? முகம் தெரிந்திருக்கவேண்டுமில்லையா? அந்தப் பாழாய்ப்போன பெட்டி அன்றைக்கு ஒழுங்காகக் காட்டித் தொலைத்திருந்தால் எனக்கும் முகம் தெரிந்திருக்கும்.

டிவி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது, அதுதானே சொல்கிறீர்கள்? இருக்கட்டும். நான் பார்த்திருக்கமுடியாது, சரி. அவள் பார்த்திருப்பாளில்லையா? பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அண்ணே, இதுதான் என் மக" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். சொல்லியிருக்கமாட்டாளா?